இசக்கி எடுத்த படங்கள்

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை மேடம். இதை முதல் வரியாகவே எழுதிவிடுகிறேன். என்ன நடந்தது என்று போனில் கேட்டீர்கள், வீட்டுக்கு வந்தபோதும் அதையே கேட்டீர்கள். கடைசியில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பேச வரலைன்னா எழுதிக் குடுங்க ஷெர்லின், கமிட்டியில எனக்கு உதவியா இருக்கும்" என்றீர்கள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். எல்.கே.ஜி.யிலிருந்து கான்வென்ட்டில் படித்தவள். கட்டுரைப் போட்டியில் கப்பு வாங்கியிருக்கிறேன். ஆரோன் இப்போதுதான் தூங்கினான். அவன் எழுந்தால் போய்த் தட்டிக்கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து எழுதுவேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் காலையில் குழந்தைகள் நலக் கமிட்டி. அதற்குள் முடிக்க வேண்டும்.

இசக்கியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் இல்லத்திலிருந்து அவள் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே நீங்கள்தான். ஆனால் கமிட்டியில் உட்காருகிற மற்றவர்களுக்குத் தெரியாதே, அவர்களுக்காக எழுதுகிறேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. அப்பா இல்லை. பெற்றவள் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று பிள்ளையை இல்லத்தில் விட்டுவிட்டுப் போனவள், வரவில்லை. எங்களுக்கோ கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. இது தத்து இல்லை, வளர்ப்புப் பராமரிப்பு, பெற்றவள் திரும்பி வந்து கேட்டு, கமிட்டியும் சரியென்றால் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டும் என்று நீங்கள் எத்தனை தடவை விளக்கினீர்கள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினோம். ஆள் இல்லாத வீட்டில் எதற்கும் சரி என்றுதான் சொல்லத் தோன்றும்.

அவள் பெயரைக் கேட்டதும் மாமி, என் வீட்டுக்காரரின் அம்மா, முகத்தைச் சுளித்தார்கள். "மாதா கோயிலுக்குப் போற வீட்ல இசக்கின்னு அம்மன் பேரை எப்படிட்டி கூப்பிடுறது? ஒரு எஸ்தர், ஒரு ரூத்துன்னு வையேன்" என்றார்கள். பெயரை மாற்றக் கூடாது, அது ரூல் என்று சொல்லிவிட்டேன். அவள் வந்த சில மாதத்திலேயே எனக்கு நாள் தள்ளிப்போனது. அப்புறம் அதே மாமிதான் தெருவெல்லாம் சொன்னார்கள், "எங்க இசக்கி வந்த ராசி." ஆரோன் பிறந்தான். இவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார், ஷிப்ட் வேலை. வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும். அதாவது ஆரோனும், இசக்கியும்.

மாதா மாதம் வந்து பார்க்கிறீர்கள். ஒரு குறை சொல்லியிருப்பீர்களா? பிள்ளை மெலிந்திருக்கிறாளா? பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறாளா? அவ்வளவு ஒழுக்கமான பிள்ளை. இரண்டு வருஷமாகியும் ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால், "ஆன்ட்டி, தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். கான்வென்ட்டில் எங்களை அடித்துச் சொல்லிக்கொடுத்தும் எங்களுக்கு வராத பழக்கம். ஆரோன் வளர்ந்து இப்படிக் கேட்பானா என்றால் மாட்டான், இப்போதே எல்லாவற்றையும் பிடுங்குகிறான்.

பீரோவில் அவளுக்கென்று ஒரு தட்டு ஒழித்துக் கொடுத்தேன். துணியை அதில் வைக்க மாட்டாள். இல்லத்திலிருந்து கொண்டுவந்த பையிலேயே மடித்து மடித்து வைத்து, ஜிப்பைப் போட்டு, கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். அவ்வளவு சுத்தம். தலையணைக்குக் கீழே பிஸ்கட்டை ஒளித்து வைப்பாள், அது ஒன்றுதான் கெட்ட பழக்கமாக இருந்தது. "எறும்பு வரும் இசக்கி" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். மறுநாளிலிருந்து டப்பாவில் போட்டு மூடி வைக்க ஆரம்பித்துவிட்டாள். சொன்னால் புரிந்துகொள்ளும் பிள்ளை.

வீட்டில் ஆன்ட்டி என்பாள். பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகள் நிற்கும்போது மட்டும், அதுவும் கொஞ்சம் சத்தமாக, "அம்மா, போயிட்டு வர்றேன்மா" என்பாள். நான் சிரித்துக் கையை ஆட்டுவேன். எது சரியென்று உங்களிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்டு, கூடாது என்று சொல்லிவிட்டீர்கள் என்றால்? அதனால் கேட்கவில்லை.

எனக்குப் பயம் அதிகம் மேடம். அதை மறைக்கவில்லை. ஆரோனுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தால் பயம். இசக்கிக்குக் காய்ச்சல் வந்தால் இரட்டைப் பயம், ஆஸ்பத்திரியில் "நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள், நான் கமிட்டி ஆர்டரை எடுத்துக் காட்ட வேண்டும், அவர்கள் அதைப் படித்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்கள். மாதம் ஒருமுறை நீங்கள் அவளை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவீர்களே, அந்த நேரம் அடுக்களையில் நின்றுகொண்டு பாலைப் பொங்கவிடாத நாளே கிடையாது. உங்கள் ஆபீஸ் நம்பரிலிருந்து போன் வந்தால் சிலுவை போட்டுக்கொண்டுதான் எடுப்பேன். பெற்றவள் வந்துவிட்டாளோ, அதைத்தான் சொல்லப்போகிறீர்களோ என்று. நீங்கள் பள்ளிக்கூட ஃபீஸ் ரசீதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பீர்கள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது.

பயந்த ஆள் ரூலைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு அதுதான் தெரியும். சிஸ்டர் ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று வளர்ந்தவள். முதல் நாளே நீங்கள் சொன்னதில் ஒன்று: இந்தப் பிள்ளையின் படத்தை வெளியே போடக் கூடாது, முகமோ பெயரோ பள்ளிக்கூடமோ யாருக்கும் தெரியும்படி எங்கேயும் வரக் கூடாது, சட்டப்படி குற்றம். சரி மேடம் என்றேன். சொன்னபடியே நடந்தேன்.

இப்போது போனில் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எடுத்தது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? என் நாத்தனார் ஜெரால்டின், ஒரு கொழுக்கட்டை அவித்தாலே ஸ்டேட்டஸ் போடுகிறவள். மாமியின் போனைத் தெருப்பிள்ளைகள் எல்லாம் நோண்டும். அதனால் நான் ஒரு வழி செய்தேன். எப்போது படம் எடுத்தாலும் போனை இசக்கி கையில் கொடுத்துவிடுவேன். எடுக்கிறவள் படத்தில் விழ மாட்டாள் அல்லவா? யார் மனசும் நோகாது. "நீ தள்ளி நில்லு" என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். "நீ எடும்மா" என்றால் போதும். அவளுக்கும் ஒரு பொறுப்பு. நன்றாக எடுப்பாள். கையை அசைக்கவே மாட்டாள். ஆரோன் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் சோறு ஊட்டியது, வேளாங்கண்ணி, கிறிஸ்துமஸ் குடில், எல்லாம் அவள் எடுத்ததுதான். எல்லாப் படத்திலும் ஆரோன் அப்படிச் சிரிக்கிறான். கேமராவைக் கண்டால் சிரிக்கிற குணம் அவனுக்கு.

இப்போது கொஞ்ச நாளாக நான்தான் எடுக்கிறேன். ஒன்றிலும் சிரிக்க மாட்டேன் என்கிறான். பல் வருகிறது என்று நினைக்கிறேன்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். ஆரோனின் முதல் பிறந்தநாள். மாதா கோயில் பங்கு மண்டபத்தில் வைத்திருந்தோம். பிரியாணி, கேக், சாமியார் வந்து ஜெபம். இசக்கிக்கும் புது கவுன், மஞ்சள் நிறம், அவளே தேர்ந்தெடுத்தது. ஜெரால்டின்கூட, "மைனி, ரெண்டு பிள்ளைக்கும் ஒரே கலரா, நல்லாருக்கு" என்றாள். காலையிலிருந்து இசக்கி பம்பரமாகச் சுற்றினாள். ஆரோனைத் தூக்கிவைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு. நான் சொல்லவில்லை, அவளாகவே.

கேக் வெட்டியாயிற்று. இவர் தெரிந்த போட்டோகிராபர் ஒருவரை வரச் சொல்லியிருந்தார். அவர் எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். மாமா, மாமி, நாங்கள், ஜெரால்டின் குடும்பம். மேடைக்குக் கீழே இசக்கி நின்றுகொண்டிருந்தாள். ஆரோன் என் இடுப்பிலிருந்து அவளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நெளிந்தான்.

போட்டோகிராபர் அவளைப் பார்த்துவிட்டு, "ஏய் மஞ்ச கவுனு, நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதானே? ஏறு ஏறு, முன்னாடி உட்காரு" என்றார்.

அவள் ஒரு படி ஏறினாள்.

நான்தான் சொன்னேன், "இல்லண்ணே, அவ வேண்டாம். அதுக்கு ரூல் இருக்கு."

"ரூலா? போட்டோக்கு என்னம்மா ரூலு?"

"கவர்மென்ட் ரூல். நீங்க எடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, கூட்டத்தில் சும்மா சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. ஜெரால்டின் வீட்டுக்காரர், "போட்டோக்குத்தான் ரூலு, பந்தி விசாரிக்க ரூலு இல்லை" என்று ஜோக் அடித்தார். அதற்கும் சிரித்தார்கள். நான் இசக்கியைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னேன், "இந்தப் பையை மட்டும் பிடிச்சுக்கோம்மா." என் கைப்பை, ஜெரால்டினின் கைப்பை, ஆரோனின் பால்பாட்டில், மாமியின் செருப்பு. மாமிக்குப் படத்தில் கால் தெரிய வேண்டும், கொலுசு புதுசு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போட்டோகிராபருக்குப் பின்னால் போய் நின்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆரோனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவன் சிரித்தான். படம் நன்றாக வந்திருக்கிறது.

அவ்வளவுதான் மேடம். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் திட்டவில்லை, யாரும் கை நீட்டவில்லை. பந்தி ஆரம்பித்த பிறகு பார்க்கிறேன், பைகள் எல்லாம் ஒரு நாற்காலியில் வரிசையாக இருக்கின்றன, செருப்பு ஜோடியாகக் கீழே இருக்கிறது, பிள்ளையைக் காணோம்.

முதலில் கக்கூஸில் பார்த்தோம். அப்புறம் கோயிலுக்குள். அப்புறம் வீட்டில். மாதா கெபியில். தெருமுனை ஐஸ் கடையில். இவர் பைக்கை எடுத்துக்கொண்டு பீச் பக்கம் போனார். மாமி ஆரோனைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கடல் பக்கம் போயிருப்பாளோ" என்றார்கள். "வாயை மூடுங்க" என்று மாமியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டம்மா நல்ல மாதிரி. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "முதல்ல பிள்ளை போட்டோவைக் காட்டுங்க, குரூப்ல போடணும்" என்றார்கள்.

போனை எடுத்தேன். தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். ஆரோன், ஆரோன், நானும் ஆரோனும், இவரும் ஆரோனும், மாமி, குடில், ஆரோன். இரண்டு வருஷம் மேடம். ஒன்றுகூட இல்லை. ஒரு படத்தில் ஓரமாக அவள் விரல் விழுந்திருக்கிறது. வேளாங்கண்ணி மணலில் ஆரோன் உட்கார்ந்திருக்கிற படத்தில், அவன் மடி வரைக்கும் ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது, இரட்டைப் பின்னல், இரண்டு முழங்கை. அதைக் காட்டினேன். என்ன செய்வது, அதைத்தான் காட்ட முடிந்தது.

ஏட்டம்மா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்கள். "நிழலை வச்சு எப்படிம்மா தேடுறது?" என்றார்கள். அப்புறம், "இதெல்லாம் யாரு எடுத்தது?" என்றார்கள்.

"அவதான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் ஃபைலில் இருந்த படத்தை அனுப்பினீர்கள். இல்லத்தில் சேர்ந்தபோது எடுத்தது, பேன் என்று மொட்டையடித்த தலை. ஏட்டம்மா பார்த்துவிட்டு, "இது பையனாம்மா?" என்றார்கள். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"சரி, அடையாளம் சொல்லுங்க, எழுதிக்கிடுறேன்" என்றார்கள். சொன்னேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்காது. மேல் பல்லில் ஒன்று பாதி உடைந்தது, அதனால் சிரிக்கும்போது உதட்டை இழுத்து மூடிக்கொள்வாள். வலது காதுத் துளை கொஞ்சம் மேலே இருக்கும், இடது கீழே, அதனால் எந்தக் கம்மல் போட்டாலும் கோணலாகத் தெரியும். பின்னந்தலையில் இரட்டைச் சுழி, அங்கே வகிடு எடுத்தால் நிற்காது, கொஞ்சம் தள்ளித்தான் எடுக்க வேண்டும். ஓடும்போது இடது கால் செருப்பைத் தேய்த்து ஓடுவாள், அந்தச் செருப்பு சீக்கிரம் தேயும். கழுத்துக்குப் பின்னால் வேர்க்குரு வந்தால் சொல்ல மாட்டாள், நாமாகத்தான் பார்க்க வேண்டும். யாராவது "சாப்பிட்டியா" என்று கேட்டால் சாப்பிடாவிட்டாலும் சாப்பிட்டேன் என்பாள், தொண்டையைப் பார்க்க வேண்டும், பசித்தால் எச்சிலை விழுங்கும். சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏட்டம்மா எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போதும்மா" என்றார்கள். எதற்குப் போதும் என்றார்கள், இன்னும் எவ்வளவோ இருந்தது.

சாயங்காலம் இல்லத்திலிருந்து சிஸ்டர் பியாட்ரிஸ் போன் செய்தார்கள். "ஷெர்லின், பதறாதே. உன் பிள்ளை இங்கதான் இருக்கா." திருச்செந்தூர் ரோட்டில் அவ்வளவு தூரம். பெண்பிள்ளைக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாதே, ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறங்க வேண்டிய இடமும் தெரிந்திருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் இல்லத்துக் கூடத்தில் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். சுவரில் வரிசையாகக் கிறிஸ்துமஸ் விழாப் படங்கள் மாட்டியிருப்பார்கள், வருஷத்துக்கு ஒன்று. அதில் ஒன்றின் முன்னால் மூக்கு கண்ணாடியில் படும்படி நின்றுகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, "எதுக்குடி வந்த? எதுக்குடி வந்த?" என்று கேட்கிறேன். அடிக்கவில்லை மேடம். தோளைப் பிடித்து உலுக்கினேன், அது அடி இல்லை.

"நான் எந்த வரிசையில நிக்கிறேன்னு மறந்துபோச்சு ஆன்ட்டி. ரெண்டாவதா, மூணாவதான்னு. அதைப் பார்க்க வந்தேன்" என்றாள்.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். மூன்றாவது வரிசை. முகம் ஒரு கடுகு. பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் சடை அதையும் பாதி மறைக்கிறது. இதைப் பார்க்கவா என் மகன் பிறந்தநாளில் என்னை ஸ்டேஷன் வரைக்கும் நடக்க வைத்தாள்? எனக்கு அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. பிரியாணி அவ்வளவும் வீணாகிவிட்டது, அது வேறு.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பிள்ளை வீட்டை விட்டுப் போயிருக்கிறாள் என்றால் விசாரிக்க வேண்டும், முடியும் வரைக்கும் இல்லத்திலேயே இருக்கட்டும் என்றீர்கள். உங்கள் வேலை அது, நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபோது ஒன்று கேட்டீர்களே: "வெளியே போடக் கூடாதுங்கிறதுதான்மா சட்டம். வீட்டுக்குள்ள எடுத்து வச்சுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?" யாரும் சொல்லவில்லை. எடுக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லையே மேடம். அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்திருப்பேனே. எனக்கு அதுதான் ஆற்றாமை. ரூலை மீறினவர்களுக்குத்தான் விசாரணை என்று நினைத்திருந்தேன். அப்படியே கடைப்பிடித்தவளுக்கும் உண்டு என்று இப்போதுதான் தெரிகிறது.

இவரும் உங்கள் கட்சிதான். நேற்று ஷிப்ட் முடிந்து வந்து சோற்றில் கையை வைத்துக்கொண்டு சொல்கிறார், "நீ சட்டத்துக்கு ஒண்ணும் பயப்படல ஷெர்லி. அவளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா அந்தப் படத்தை வச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு பயந்த."

நாள் முழுக்கக் கிரேன் மேலே உட்கார்ந்து கீழே பார்க்கிறவர், அவருக்கு எல்லாம் சின்னதாகத் தெரியும். குழம்பை ஊற்றினேன். அவர் தட்டில் ஊற்றினேனா, வெளியே ஊற்றினேனா என்று தெரியவில்லை, மேஜையெல்லாம் குழம்பு. அப்புறம் அவரே துடைத்தார்.

இன்னொரு குடும்பம் கேட்கிறது என்றீர்கள். இரண்டு பேரும் டீச்சர், பிள்ளையில்லை, பெரிய வீடு. நாளைக்கு இசக்கியிடமே கேட்பீர்கள், எங்கே போக இஷ்டம் என்று. அவள் சொல்வதை வைத்துத்தான் கமிட்டி முடிவெடுக்கும் என்றீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? நானாக இருந்தால் என்ன சொல்வேன்?

சனிக்கிழமை பார்க்க அனுமதி கொடுத்தீர்கள், போனேன். மக்ரூன் வாங்கிக்கொண்டு போனேன், அவளுக்குப் பிடிக்கும். டப்பாவைக் கையில் வாங்கியதும் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்தாள், கடைசியில் அவளுக்குத் தூள்தான் மிச்சம். இல்லத்து வழக்கம் அப்படி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள். தலையை யாரோ நடு வகிடு எடுத்துப் பின்னியிருந்தார்கள், சுழியில் முடி எழும்பி நின்றது.

"கால் வலிக்குமே, உட்காரேன்" என்றேன்.

"பரவாயில்ல ஆன்ட்டி."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

தொண்டையைப் பார்த்தேன். விழுங்கவில்லை. சரி, சாப்பிட்டிருக்கிறாள்.

"ஆரோன் என்ன செய்யுறான்?" என்று கேட்டாள். அப்போதுதான் முகத்தை நிமிர்த்தினாள்.

பாவம் பிள்ளை, இங்கே உட்கார்ந்துகொண்டு அவனை நினைத்துக் கவலைப்பட வேண்டாம் என்று, "அவனுக்கென்ன, ஜம்முன்னு இருக்கான். உன்னைத் தேடவே இல்ல. ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்குறான். நீ ஒண்ணும் நினைக்காதே" என்றேன்.

"சரி ஆன்ட்டி" என்றாள்.

"அழக்கூட இல்ல, பாரேன்."

"சரி ஆன்ட்டி."

ஏதோ நிம்மதியாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மணி அடித்தது, ஜெபத்துக்கு என்று ஓடிவிட்டாள். வெளியே வந்து பஸ் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "மயக்கமா வருதா?" என்று கேட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். வெயிலில் நின்றது ஒத்துக்கொள்ளவில்லை போல. அந்த "சரி ஆன்ட்டி" மட்டும் காதுக்குள்ளேயே இருக்கிறது. நேற்று முழுக்க இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆரோன் நடுவில் எழுந்துவிட்டான். தட்டிக்கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அவன் தூங்குவதில்லை மேடம். அவள் போனதிலிருந்து இப்படித்தான். சாயங்காலம் பள்ளிக்கூட வேன் தெருவில் திரும்புகிற சத்தம் கேட்டால் போதும், எங்கே இருந்தாலும் தவழ்ந்து போய் வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். வேன் நிற்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இறங்கும், வேன் போகும். இவன் நின்றுகொண்டே இருக்கிறான். வெள்ளிக்கிழமை அப்படி நின்றுகொண்டுதான் முதல் வார்த்தை பேசினான். அக்கா என்றான். தெளிவாக, இரண்டு கையாலும் கிரில்லை ஆட்டிக்கொண்டு, அக்கா அக்கா அக்கா என்று. மாமி ஓடி வந்தார்கள். அம்மா என்று இன்னும் ஒருதடவைகூடச் சொல்லவில்லை. வாயைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன், சொல்ல மாட்டேன் என்கிறான். அவளிடம் இதைச் சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம். நினைத்துக்கொண்டேதான் போனேன். வாயில் வேறொன்று வந்துவிட்டது.

இப்போது நான் போய்ச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். "சரி ஆன்ட்டி" என்பாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

கைக்குழந்தைகளைக் கமிட்டிக்குக் கொண்டு வராதீர்கள், மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல், அது ரூல் என்று போனில் சொன்னீர்கள். சரி மேடம் என்றேன். ஆனால் நாளைக்கு அவனைக் கொண்டுதான் வருவேன். வாசலில் நிறுத்தினால் வாசலில் நிற்பேன், சத்தம் போட்டால் கேட்டுக்கொள்வேன். ஒன்றே ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கிறேன். எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று இசக்கியிடம் கேட்பதற்கு முன்னால், ஒரு நிமிஷம் கதவைத் திறந்து அவனை உள்ளே விடுங்கள். என்னை விட வேண்டாம். நான் வெளியேயே இருந்துகொள்கிறேன். அவன் தவழ்ந்து போவான்.